பழைய எனாமல் பாத்திரங்கள்

காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவின் பழம்பொருட் கடைகளில் சுவீடன், ஜப்பான் முதலிய நாடுகளின் எனாமல் அடுக்குகளும் தட்டுகளும் விற்பனைக்கு வருகின்றன. கடல் கடந்து வாணிபம் செய்த நகரத்தார் இல்லங்களிற் புழங்கியவை இவை. அடியிலுள்ள முத்திரையே ஆலையை அறிய முதற்சான்று.

எனாமல் வண்ணச்சாயம் அன்று, கண்ணாடியே. கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின்மேல் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருக்கிப் பற்றவைக்கின்றனர். தகடு வளையும், கண்ணாடி வளையாது. ஆதலின் கீழே விழுந்த பாத்திரத்தில் சில்லு பெயர்கிறது. வண்டன்மேடு போன்ற மழை மிகுந்த ஏலமலை ஊர்களில் அவ்விடத்தே ஈரம் புகுந்து, துரு பூச்சின் அடியிற் பரவும். பக்கத்துப் பூச்சும் உதிரும். கழுவியவுடன் துடைத்து உலர்த்தி, பெயர்ந்த இடத்தில் சிறிது எண்ணெய் தடவுதல் நன்று.

அழகினைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சுகளில் காட்மியமும், சில வெண்பூச்சுகளில் ஆன்டிமனியும், சிலவற்றில் காரீயமும் இருத்தல் கூடும். புளி, மோர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றின் அமிலம் இவற்றைக் கரைக்க வல்லது. 1920களின் இறுதியில் இங்கிலாந்தில் எனாமல் வாளிகளில் வைத்த எலுமிச்சைப் பானத்தை அருந்தியோர் பலர் ஆன்டிமனி நஞ்சினால் நோயுற்றனர். பளபளப்பைக் கண்டு நஞ்சின்மையைக் கணிக்க இயலாது. பள்ளிக் காட்சியறைக்கென வாங்கிய குவளையில் மாணவருக்கு மோர் வார்த்தல் கூடாது.