மிஸி எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருக்கும் பெண் பிரசவத்துக்குக் கிள்ளானில் அம்மா வீட்டுக்குப் போவாள். அரசாங்க கிளினிக் ஏட்டில் இருப்பதோ பிரிக்பீல்ட்ஸ் முகவரி. குழந்தை பிறந்த முதல் 10 நாளில் பலமுறை வீடு தேடி வர வேண்டிய மிஸி (கிளினிக் தாதி), பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார்.

செய்ய வேண்டியவை

* 12 வாரத்துக்குள் கிளினிக்கில் பதிந்து பிங்க் புத்தகத்தை (கர்ப்பகாலப் பதிவேடு) வாங்கிவிடுங்கள்.

* பத்தியம் இருக்கப்போகும் வீட்டின் முகவரியை ஏழாம் மாதமே மிஸியிடம் சொல்லுங்கள். பிரசவமாகி வீடு திரும்பியதும் அந்த வட்டாரக் கிளினிக்குக்கு ஒரு போன் போடுங்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போடும் அதே நாட்களில்தான் குழந்தைக்குக் காமாலை ஏறக்கூடும்.

* பிங்க் புத்தகத்தில் ஒட்டும் ஸ்டிக்கரின் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளை என்றால் மிஸியே பார்ப்பார், பச்சைக்குக் கிளினிக் டாக்டர், மஞ்சளுக்கு நிபுணர். சிவப்பு ஒட்டினால் வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வருகிறேன் என்று கிளம்பாதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரி.

* 28 வாரத்திலிருந்து காலை 9 மணிக்கு வயிற்றுக் குழந்தையின் அசைவை எண்ணத் தொடங்குங்கள். இரவு 9 மணிக்குள் 10 அசைவு வரவில்லையென்றால் அன்றிரவே ஆஸ்பத்திரி. அசைவு சட்டென்று குறைந்தால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். "பிள்ளை தூங்குதும்மா" என்று மாமியார் சொல்வார். சொல்லட்டும்.

* 60 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) இல்லாமல் பள்ளிக்கும் ஐ.சி.க்கும் (அடையாள அட்டை) அலைந்த தோட்டத்துக் குடும்பங்களை நமக்குத் தெரியும்.

செய்யக்கூடாதவை

* அந்துருண்டை போட்ட அலமாரியிலிருந்து எடுத்த பழைய துணியைக் குழந்தைக்குச் சுற்றாதீர்கள். அக்காள் பிள்ளையின் சட்டை ராசியானதாகவே இருக்கட்டும். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த வாடையே ரத்த அணுக்களை உடைத்து, காமாலையை ஏற்றிவிடும். பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தக் குறைபாட்டைச் சோதிப்பார்கள். முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

* சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டாதீர்கள்.

* பூண்டு தாராளமாகச் சாப்பிடலாம். பத்தியத்தின் பெயரில் தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். 30 நாளும் படுத்தே கிடக்காதீர்கள். காலில் ரத்தம் கட்டக்கூடும்.

* மிஸி கேட்டால் "எல்லாம் நல்லாயிருக்கு" என்று வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். கெண்டைக்கால் வலி, காரணமில்லாத அழுகை எல்லாவற்றையும் சொல்லுங்கள். அறையில் அண்ணன் இருந்தால், மனம்விட்டுப் பேச அவரை வெளியே அனுப்புங்கள். மிஸி சானிட்டரி பேடைக் காட்டச் சொன்னால் கூச்சப்படாமல் காட்டுங்கள். ரத்தப்போக்கு எவ்வளவு என்று அதைப் பார்த்துத்தான் அவர் கணிப்பார்.