வளைய ஏரியலும் கரையோர ஊராட்சிகளும்

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்ததை இவ்வட்டாரத்து விவசாயிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்பொழுது நாம் ஓர் ஒன்றிய அலுவலகத்தில் இளநிலைப் பணியில் இருந்தோம். மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரங்களில் சில சாய்ந்தன. நின்றவையும் டீசல் தீர்ந்தவுடன் ஊமையாயின. எந்த ஊரில் எத்தனை கூரை போயிற்று, எங்கே குடிநீர் இல்லை என்று அறிவதற்குச் சைக்கிளிலும் கால்நடையாகவும் ஆள் அனுப்பினோம். கடலோரச் சிற்றூர் ஒன்றில் பிரசவ வேதனையில் இருந்த ஒரு பெண்ணுக்கு வண்டி வேண்டும் என்ற செய்தி, ஐந்து மணி நேரம் கழித்து, ஒரு சிறுவன் கையில் நனைந்த காகிதத் துண்டாக வந்து சேர்ந்தது. தாயும் சேயும் பிழைத்தனர். அது பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருத்தியின் கைத்திறத்தால் நேர்ந்ததேயன்றி, நம் அலுவலகத்தின் திறத்தால் அன்று.

அந்தக் காகிதத் துண்டு நம் மனத்தை விட்டு அகலவில்லை. கல்லூரியில் பௌதிகம் படித்தவராதலின், கம்பியில்லாச் சாதனங்களைப் பற்றி மறுபடியும் படிக்கத் தொடங்கினோம். அதன் பயனாக நாம் அறிந்துகொண்டதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெச்சூர் வானொலி என்பது, அரசாங்கத்தின் தேர்வில் தேறி உரிமம் பெற்ற தனி மனிதர்கள், ஊதியம் கருதாமல், தமக்குள் வானொலி மூலம் பேசிக்கொள்ளும் முறையாகும். இவர்களை உலகெங்கும் ‘ஹாம்’ என்பர். ஒரு கருவி, ஒரு பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, ஓர் ஏரியல் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். இடையில் கோபுரமோ, கம்பியோ, வேறு எவருடைய இயந்திரமோ தேவையில்லை. இதன் பெருமை இதுவே.

2004-ஆம் ஆண்டு டிசம்பரில், ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார், சிறப்பு அனுமதி பெற்று அந்தமானின் போர்ட் பிளேர் நகரில் நிலையம் அமைத்து, உலகெங்கும் உள்ள அமெச்சூர்களுடன் பேசிக்கொண்டிருந்தார். பொழுதுபோக்காகத் தொடங்கிய பயணம் அது. 26-ஆம் நாள் காலையில் நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை வந்தது, தீவுகளின் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அந்த வேளையில் அவருடைய நிலையம் செய்தி நிலையமாக மாறியது. தீவிலிருந்தவர்கள் உயிரோடு இருக்கின்றனரா என்று தவித்த உறவினர்களுக்கு விடையும், நிவாரணத்தை நடத்திய அதிகாரிகளுக்குத் தகவலும் அதன் வழியே சென்றன. அதே நாளில்தான் நம் கிள்ளைக் கரையிலும் எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் முதலிய குடியிருப்புகளை அலை அழித்தது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு தனக்குப் பின்னிருந்த ஊர்கள் சிலவற்றை அலையின் வேகத்திலிருந்து காத்தது என்பதை ஆராய்ச்சியாளர்கள் பின்னர் எழுதினர். மரம் செய்த காவலை மனிதரும் தம் பங்குக்குச் செய்ய வேண்டாமா?

இனி ஏரியலுக்கு வருவோம். கருவி சிறிதாகிவிட்டது, இன்று ஒரு புத்தகத்தின் அளவில் கிடைக்கிறது. ஏரியல் அப்படிச் சுருங்கவில்லை. நம் மாவட்டத்திலிருந்து சென்னை, மதுரை போன்ற தூரங்களுக்குப் பகலில் பேசுவதற்கு ஏற்றது 7 மெகாஹெர்ட்ஸ் வரிசை. அலை மேலே எழும்பி, வானத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்குகிறது. இதன் அலைநீளம் 42 மீட்டர். அதற்குரிய சாதாரணக் கம்பி ஏரியல் 20 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். அதைக் கட்டுவதற்கு உயர்ந்த மரமோ கம்பமோ வேண்டும். இரண்டு தென்னைகள் இருக்குமிடத்தில் இந்தக் கம்பி ஏரியலே சிறந்தது, மலிவானதும் அதுவே. இதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தானே புயலின் மறுநாள் காலையில் கட்டுவதற்குத் தென்னை எங்கே நின்றது? ஆட்கள் நிறைந்த புயல் பாதுகாப்பு மையத்தின் மாடியிலும், உப்பங்கழியில் செல்லும் படகிலும் இருபது மீட்டர் கம்பியை எங்கே விரிப்பது?

இவ்விடத்தில் உதவுவதுதான் வளைய ஏரியல். ஒரு மீட்டர் விட்டமுள்ள செம்பு வளையம். வளையத்தின் வாய் ஓரிடத்தில் திறந்திருக்கும். அந்த இரு முனைகளையும் ஒரு மாறு மின்தேக்கி இணைக்கும். பெரிய வளையத்துக்குள் அதன் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குள்ள சிறு வளையம் ஒன்று இருக்கும். கருவியிலிருந்து வரும் கம்பி இச்சிறு வளையத்தில்தான் சேரும். பெரிய வளையத்தைத் தொடுவதில்லை. முழுவதையும் ஒரு முக்காலியின் மேல், தரையிலிருந்து ஆளுயரத்தில் நிறுத்திவிடலாம். ஒரு மனிதர் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பின்மேல் நடந்து செல்லக்கூடிய பொருள் இது. அமெரிக்க இராணுவத்துக்காகக் கழற்றி மாட்டும் வளையம் ஒன்றைப் பாட்டர்சன் என்பவர் அமைத்து 1967-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அமெச்சூர்கள் அதைச் செய்து பார்க்கத் தொடங்கிவிட்டனர்.

வளைய ஏரியல் என்பது நம் கிராமத்தாருக்கு முற்றிலும் புதிதன்று. மத்திய அலையில் திருச்சி நிலையத்தைக் கேட்ட காலத்தில், டிரான்சிஸ்டர் பெட்டியை ஒரு பக்கம் திருப்பினால் குரல் மங்குவதையும் மறுபக்கம் திருப்பினால் தெளிவதையும் பெரியவர்கள் அறிவார்கள். பெட்டிக்குள் கறுப்புக் கோலொன்றில் சுற்றிய கம்பிச்சுருளே அதற்குக் காரணம். அதுவும் ஒரு சிறு வளைய ஏரியலே. பெரிய செம்பு வளையமும் அவ்வாறே நடந்துகொள்கிறது. நிமிர்த்தி வைத்தால், வளையத்தின் விளிம்பு காட்டும் இரு திசைகளிலும் வலுவாகவும், அதன் முகம் பார்க்கும் இரு திசைகளிலும் மங்கலாகவும் வேலை செய்யும். பக்கத்திலுள்ள பம்பு செட் மோட்டாரோ எல்.இ.டி. விளக்கோ இரைச்சல் எழுப்பினால், வளையத்தின் முகத்தை அதன் பக்கமாகத் திருப்பி அந்த இரைச்சலைப் பெரிதும் அடக்கிவிடலாம். கம்பி ஏரியலுக்கு இந்தச் சௌகரியம் இல்லை.

இவ்வளவு சிறிய வளையம் எவ்வாறு வேலை செய்கிறது? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான கணத்தில் விரலால் தள்ளினாலும் ஊஞ்சல் உயர உயரப் போகும். கணம் தவறினால் ஆள் பலம் முழுவதும் வீணாகும். வளையமும் மின்தேக்கியும் சேர்ந்து அத்தகைய ஊஞ்சலாக அமைகின்றன. மின்தேக்கியைத் திருப்பி அலையின் தாளத்துக்கு இணக்கினால், சிறு சக்தியும் வளையத்தில் பெரும் மின்னோட்டமாகத் திரள்கிறது. நாம் சொல்லும் ஒரு மீட்டர் வளையத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 200 பிகோஃபாரட்டும், 14 மெகாஹெர்ட்ஸில் 50 பிகோஃபாரட்டும் தேவைப்படும்.

இனி நஷ்டக் கணக்கு. வாய்க்காலில் விடும் நீரில் ஒரு பகுதி கடைமடைக்குப் போகிறது. ஒரு பகுதி வழியிலேயே மண்ணில் கசிகிறது. அதுபோல, வளையத்தில் ஓடும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி அலையாக வானில் செல்கிறது. மற்றது செம்பைச் சூடாக்கி வீணாகிறது. ஒரு மீட்டர் விட்டமும் 22 மில்லிமீட்டர் குழாயும் கொண்ட வளையத்தில், 7 மெகாஹெர்ட்ஸில் அலையாகச் செல்லும் பங்கைக் குறிக்கும் தடை 0.006 ஓம் மட்டுமே. செம்பின் நஷ்டத் தடையோ 0.03 ஓமுக்குச் சற்று மேல். ஆகவே நூற்றுக்குப் பதினாறு பங்குதான் வானுக்குப் போகிறது. பத்து வாட் கொடுத்தால் ஒன்றரை வாட் புறப்படுகிறது. அதே வளையம் 14 மெகாஹெர்ட்ஸில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் கொடுக்கும். விட்டத்தை ஒன்றரை மீட்டராக்கினால் 7 மெகாஹெர்ட்ஸிலேயே நாற்பதை நெருங்கிவிடும். இவை செம்பை மட்டும் கருதிய கணக்கு. இணைப்புகள் சீர்கெட்டால் இன்னும் குறையும்.

இந்தக் கணக்கிலிருந்து விளங்குவது யாதெனில், இங்கே ஓர் ஓமின் நூற்றில் ஒரு பங்கும் பெரிய தொகை. மெல்லிய கம்பியை வளைத்து வைத்தால் பயன் இல்லை. குளிர்சாதனக் கடைகளில் கிடைக்கும் செம்புக் குழாய் வேண்டும். முனைகளைத் திருகாணியால் முடுக்குவதைவிட உலோகப் பற்று வைத்து ஒட்டுவது மேல். அதிலும் நம் கரையில் உப்புக் காற்று செம்பின்மேல் ஒரே பருவத்தில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். முழு வளையத்தில் படியும் களிம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். மூட்டுகளில் ஏறும் களிம்பே எதிரி.

சென்ற ஆண்டு பேரிடர் ஒத்திகை ஒன்றின்போது, உரிமம் பெற்ற கல்லூரி மாணவர் ஒருவரைக் கிள்ளைக்கு அழைத்து வந்தோம். (கிள்ளை பேரூராட்சியாதலின் அது நம் ஒன்றியத்தின் ஆட்சிக்குள் வராது, ஆயினும் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்குக் கூடுமிடம் அதுவே. புயல் எல்லைக்கல் பார்த்து வருவதில்லை.) முதலில் ஒரு தகரக் கொட்டகையின் ஓரத்தில் வளையத்தை நிறுத்தினார். அரை மணி நேரம் முயன்றும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. கூடி நின்ற மக்கள் புன்னகைத்தனர். நமக்கும் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. பின்னர் அவர் தகரத்தை விட்டு விலகி, உப்பங்கழிக் கரை மேட்டில் முக்காலியை ஊன்றினார். மின்தேக்கியை மெல்லத் திருப்ப, ஓரிடத்தில் கருவியின் இரைச்சல் திடீரென்று உயர்ந்தது. அதுவே இணக்கம் கூடிய இடம். பத்து நிமிடத்தில் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் நம் ஊர்ப் பெயரைத் திருப்பிச் சொன்னது. அருகே நின்ற முதிய மீனவர் ஒருவர், “தம்பி, கடலுக்குப் போன எங்க படகோட இதுல பேச முடியுமா?” என்று கேட்டார். “முடியாதுங்க ஐயா. படகுல இருக்கிற வி.எச்.எஃப். பெட்டி வேற வரிசை. அதுல நாங்க பேசக் கூடாது” என்றார் மாணவர். பெரியவர் முகம் வாடியது. உள்ளதை உள்ளபடி சொன்னதற்காக அம்மாணவரைப் பாராட்டினோம்.

வேறு தொல்லைகளும் அன்று தெரிந்தன. வளையத்தின் அருகே ஒருவர் கை நீட்டினாலும் இணக்கம் கலைகிறது. ஒரு நிலையத்தை விட்டு இன்னொரு நிலையத்துக்குச் செல்வதென்றால் ஒவ்வொரு முறையும் மின்தேக்கியைத் திருப்ப வேண்டும். ஏனெனில் வளையம் ஒரே சமயத்தில் சில கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு மட்டுமே இடம் கொடுக்கிறது. பேச்சு எட்டாத வேளையில் மோர்ஸ் தந்தி எட்டியது. அதைப் பழையதென்று ஒதுக்கிவிட இயலாது.

ஆபத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பத்து வாட் சக்தியிலேயே மின்தேக்கியின் இரு முனைகளுக்கிடையே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும். பழைய ரேடியோப் பெட்டியிலிருந்து கழற்றிய மின்தேக்கியின் தகடுகள் நெருக்கமானவை. அவற்றுக்கிடையே பொறி பறக்கும். இடைவெளி அகன்ற மின்தேக்கியே ஏற்றது. பேசும்போது வளையத்தைத் தொட்டால் தோல் வெந்துவிடும். அதன் அருகில் காந்தப்புலம் வலுவாக இருப்பதால், குறைந்த சக்தியிலும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளியே அமர வேண்டும். சக்தி கூடினால் தூரமும் கூட வேண்டும். மையத்துக்கு வரும் குழந்தைகளுக்கு இந்தச் செம்பு வளையம் விளையாட்டுப் பொருளாகத் தோன்றும். ஆகையால் நான்கு கழி நட்டுக் கயிறு கட்டுவது அவசியம். இடி மின்னல் இருக்கையில் கருவியைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

ஊராட்சி செய்யத்தக்கது என்ன என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். வளையத்தை முதலில் வாங்குவது தவறு. உரிமம் இல்லாதவர் வானொலியில் பேசுவது சட்டப்படி குற்றம். கருவி வாங்கிப் பூட்டி வைத்தால் ஆபத்து நாளில் அதைத் தொட ஆள் இராது. முதலில் ஆள் வேண்டும். ஊரில் பள்ளி இறுதி வகுப்போ தொழிற்பயிற்சியோ முடித்த இளைஞர் இருவரையும் பெண்கள் இருவரையும் தேர்ந்தெடுத்து, மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் அமெச்சூர் நிலையத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தலாம். தொடக்க நிலை உரிமத்துக்கு எளிய மின்னியலும் விதிகளும் தெரிந்தால் போதும். 1978-ஆம் ஆண்டு விதிகளில் பன்னிரண்டு வயதுச் சிறாருக்கும் இடம் இருந்தது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் சமயத்தில் நடப்பில் உள்ளதைக் கேட்டறிந்து கொள்க. நெல் விலையோ மீன் ஏலமோ இதில் பேசக் கூடாது. வியாபாரச் செய்திக்கு இவ்வுரிமம் இடம் தருவதில்லை.

பெண்கள் இருவர் என்று நாம் எழுதியதைச் சிலர் வியக்கக்கூடும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் ஆடவர் படகையும் வலையையும் மேட்டுக்கு இழுக்கப் போய்விடுகின்றனர். மையத்தில் இருப்பவர்கள் பெண்களே. யாருக்கு மருந்து வேண்டும், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

உரிமம் கிடைத்த பின்னர், ஐப்பசி மழைக்கு முன்பாக, கம்பி ஏரியல் ஒன்றும் வளையம் ஒன்றும் செய்துகொள்ளலாம். மரம் நிற்கும்வரை கம்பியைப் பயன்படுத்துக. மரம் சாய்ந்த பின் வளையத்தை எடுக்க. பேட்டரிக்குத் தனிச் செலவு வேண்டாம். டிராக்டர் பேட்டரியே பல மணி நேரத்துக்கு வரும். ஆனால் அது யாருடைய டிராக்டர், சாவி யாரிடம் இருக்கும் என்பதை முன்னரே எழுதி மையத்தின் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். எங்கள் ஒத்திகையில் நாற்பது நிமிடம் வீணானது அந்தச் சாவிக்காகத்தான்.