உள்ளங்கை வேண்டாம், துளி போதும்

எண்ணெய் என்றால் உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்ப்பதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர் தனுவச்சபுரம். இங்கே பச்சைப் பிள்ளைக்கு நால்பாமராதி வெளிச்செண்ணெய், பிள்ளை பெற்றவளுக்குத் தன்வந்தரம் குழம்பு, மூட்டுவலிக்குக் கொட்டஞ்சுக்காதி என்று வீட்டு அலமாரியில் எப்போதும் இரண்டு மூன்று குப்பிகள் இருக்கும். மூலிகையைக் கஷாயம் வைத்து நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ காய்ச்சி இறக்கியவை இவை. குப்பியில் பெரும்பங்கு சாதாரண எண்ணெய்தான். அதனால் தாராளமாகத் தேய்த்தாலும் பெரும்பாலும் உடம்பு தாங்கிக்கொள்ளும்.

அதே அலமாரியில் இப்போது விரலளவு கண்ணாடிக் குப்பிகளும் வந்துவிட்டன. லாவெண்டர், டீ ட்ரீ, ரோஸ்மேரி, பெப்பர்மின்ட். பெண்பிள்ளைகள் போனில் பார்த்து ஆர்டர் போட்டு வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு அதை எப்படிக் கையாள்வது என்று கேட்க ஆளில்லை. சில வருடங்களாக இவற்றை வீட்டில் பயன்படுத்தி வருவதால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்தச் சின்னக் குப்பிக்குள் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். நமக்குப் பழக்கமான புல்தைலத்தையே எடுத்துக்கொள்வோம். மலைச்சரிவில் விளையும் இஞ்சிப்புல்லை அறுத்து, பெரிய செம்பில் அடைத்து, கீழே தீ மூட்டி நீராவியை அதனுள் ஏற்றுவார்கள். புல்லில் இருக்கும் மணச்சத்து ஆவியோடு சேர்ந்து வெளியேறி, குளிர்ந்த குழாய் வழியாக இறங்கி, தண்ணீரின் மேல் மஞ்சளாய் மிதக்கும். நூறு கிலோ பச்சைப் புல்லுக்கு அரைக் கிலோ தைலம் கிடைத்தாலே நல்ல விளைச்சல். அந்தத் தைலத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இருப்பது சிட்ரால் என்ற ஒரே ஒரு பொருள். எலுமிச்சை வாசனை தருவதும் அதுதான், கூடுதலாகப் பட்டால் தோலைத் தடிக்க வைப்பதும் அதுதான். அந்தக் காலத்தில் உலகச் சந்தை இந்தத் தைலத்தைக் 'கொச்சி எண்ணெய்' என்றே வாங்கியது. பெரும்பாவூர் அருகே ஓடக்காலியில் 1951 முதல் இந்தப் புல்லுக்காகவே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே உருவான 'சுகந்தி' என்ற ரகம்தான் கேரளத்தில் பேர்போனது.

இவ்வளவு புல்லின் காரமும் சேர்ந்து அடங்கியிருக்கும் ஒரு பொருளைத் தன்வந்தரம் மாதிரி கையில் ஊற்றித் தேய்த்தால் தோல் எரியத்தான் செய்யும். இதற்குக் கணக்கு துளிதான்.

அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லி என்பது ஏறத்தாழ இருபது துளி. முப்பது மில்லி தேங்காயெண்ணெயில் ஆறு துளி கலந்தால் ஒரு சதவீதம். பெரியவர்களின் கை, கால், முதுகுக்கு ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் போதும். முகத்துக்கு அதிலும் பாதி. புல்தைலத்துக்கு இன்னும் குறைவு. இந்தத் துறையில் எல்லோரும் புரட்டிப் பார்க்கும் கையேடு ராபர்ட் டிசரண்டும் ரோட்னி யங்கும் எழுதியது. தோலில் பூசுவதற்குப் புல்தைலம் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அது. முப்பது மில்லிக்கு நான்கு துளி என்று வையுங்கள். கலக்கும் எண்ணெய்க்கு வெளியே அலைய வேண்டாம். நம் வீட்டு உருக்கு வெளிச்செண்ணெயும் செக்கு நல்லெண்ணெயும் அருமையாகப் பொருந்தும்.

கலந்ததை முதல் தடவை பூசும்போது முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் அந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது. எனக்குப் பட்டை எண்ணெய் ஆகாது. என் தங்கைக்கோ டீ ட்ரீ பட்டாலே தடித்துவிடும். ஒரு வீட்டில் பிறந்தவர்களுக்கே இப்படி மாறுகிறது என்றால், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று பூசுவதில் அர்த்தமில்லை.

குளிக்கிற வாளித் தண்ணீரில் நேரே நாலு சொட்டு விடுவது பலர் செய்கிற காரியம். இந்த எண்ணெய்கள் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, நீர்த்துப் போகாத முழு வீரியத்தோடு போய் உடம்பில் ஒட்டும். மென்மையான இடங்களில் பட்டால் எரிச்சல் தாங்க முடியாது. வாசனை வேண்டுமென்றால் ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயில் கலந்து, குளிப்பதற்கு முன் உடம்பில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களை நான் தரை துடைக்கிற வாளியிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். தோலில் படாமல் பழகலாம், பலனும் உடனே தெரியும். ஒரு ஸ்பூன் சோப்புத் திரவத்தில் பத்துத் துளி புல்தைலத்தை நன்றாகக் குழைத்து, அரை வாளித் தண்ணீரில் ஊற்றித் துடையுங்கள். மழைக்காலத்தில் சிமென்ட் தரையில் ஏறும் ஈரவாடை போகும். சமையலறையில் ஈ மொய்ப்பதும் குறையும். மீன் கழுவிய வாஷ்பேசினுக்கு இதைவிட நல்லது நான் கண்டதில்லை. பூனை வளர்க்கிற வீடாக இருந்தால் தரை நன்றாகக் காயும்வரை அதை வெளியே விடுங்கள். இந்த எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. டீ ட்ரீ பூனைக்கு விஷம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

கொசுவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். புல்தைலமும் சிட்ரோனெல்லாவும் கொசுவை விலக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வாசனை சீக்கிரம் பறந்துவிடும், பூசி ஒரு மணி நேரம் கழிந்தால் நம்புவதற்கில்லை. மழை விட்டதும் டெங்கு பரவுகிற நம் பக்கத்தில் இதை மட்டும் நம்பிப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைக்காதீர்கள். பால் வெட்டாமல் விட்டிருக்கும் ரப்பர் மரத்துச் சிரட்டைகளைத் தண்ணீர் தேங்காமல் கவிழ்த்து வைப்பது எந்தத் தைலத்தையும் விடப் பெரிய கொசு மருந்து. வலையும் வேண்டும்.

பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் பழைய மருந்து, நல்ல மருந்து. நமக்குக் கிழக்கே குமரி மாவட்டத்து மாறாமலையிலும் கரும்பாறையிலும் விளையும் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிராம்பின் காரத்துக்குக் காரணம் யூஜினால். பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடோடு இதே யூஜினாலைக் குழைத்துத்தான் தற்காலிகமாகப் பல் குழியை அடைக்கிறார்கள். மருத்துவ மதிப்பு உள்ள பொருள் என்பதாலேயே கவனமும் வேண்டும். அரை டீஸ்பூன் தேங்காயெண்ணெயில் ஒரு துளி கலந்து, பஞ்சு நுனியில் தொட்டு, வலிக்கிற பல்லில் மட்டும் வையுங்கள். கலக்காமல் வைத்தால் ஈறு வெந்து வெள்ளையாகிவிடும். விழுங்கக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். இது ராத்திரியைக் கடத்தத்தான் உதவும், காலையில் பல் டாக்டரிடம் போக வேண்டும்.

கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைகள் கேட்பது ரோஸ்மேரியைத்தான். 2015-இல் ஈரானில் ஓர் ஆய்வு செய்தார்கள். பரம்பரை வழுக்கை உள்ள நூறு பேரில் பாதிப்பேருக்கு ரோஸ்மேரி எண்ணெயும் மீதிப்பேருக்கு மினாக்ஸிடில் என்ற முடி மருந்தை 2 சதவீத அளவிலும் கொடுத்தார்கள். ஆறு மாத முடிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போன் முழுக்கச் சுற்றுகிற பேச்சுக்கு வேர் இதுதான். ஒரு சிறிய ஆய்வு இது. பிரசவத்துக்குப் பிறகு கொட்டுகிற முடிக்கும், இரும்புச்சத்துக் குறைவால் கொட்டுகிற முடிக்கும் இதில் பதில் கிடையாது. ஆசை இருந்தால் தேங்காயெண்ணெயில் ஒரு சதவீதம் கலந்து தேய்க்கலாம், தவறில்லை. ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

லாவெண்டருக்கு ஒரு கதை உண்டு. பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மோரிஸ் கட்டஃபோசே 1910-இல் தன் ஆய்வுக்கூடத்தில் தீக்காயம் பட்டபோது லாவெண்டர் எண்ணெய் போட்டுக் குணமானார் என்பார்கள். இந்த வாசனை எண்ணெய் வைத்தியத்துக்கு அரோமாதெரபி என்ற பெயரைத் தலைப்பாக வைத்து 1937-இல் புத்தகம் எழுதியவரும் அவரே. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, தோசைக்கல்லில் கை சுட்டதும் லாவெண்டரைத் தேடி ஓடுகிறார்கள். கை சுட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிப்பதுதான் முதல் வைத்தியம். எண்ணெய் எதுவும் போடக் கூடாது. லாவெண்டரை வைத்துக்கொள்ள வேண்டிய இடம் படுக்கை அறை. தூங்கப்போகும் முன் கைக்குட்டையில் ஒரு துளி விட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் மனம் இளகுகிறது. எனக்கு இது உதவியிருக்கிறது. வாசனையை அறையில் பரப்பும் டிஃப்யூசர் கருவி வாங்கியவர்கள் மூன்று நாலு துளி விட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால் டிஃப்யூசரே வேண்டாம்.

எலுமிச்சை, பெர்கமாட் போன்ற தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய்களைப் பூசிக்கொண்டு வெயிலில் போகக் கூடாது. அவற்றில் உள்ள ஒரு பொருள் சூரிய ஒளி பட்டதும் தோலைக் கருக்கிவிடும். நம் ஊர் வெயிலுக்கு இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

வாங்கும்போது குப்பியின் மேல் செடியின் தாவரவியல் பெயர், எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது, பேட்ச் எண், தேதி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஃப்ராக்ரன்ஸ் ஆயில்' என்று போட்டிருந்தால் அது வெறும் வாசனைத் திரவியம். சந்தனமும் புல்தைலமும் ஒரே விலைக்குக் கிடைக்கிற கடையில் நான் எதையும் வாங்க மாட்டேன். வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டுக் காயவையுங்கள். புல்தைலமோ யூக்காலியோ சுத்தமாக இருந்தால் அனேகமாகத் தடமில்லாமல் ஆவியாகும். சமையல் எண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை தங்கும். சந்தனத்துக்கும் வெட்டிவேருக்கும் இந்தச் சோதனை செல்லாது, அவை இயல்பிலேயே மெதுவாகத்தான் ஆவியாகும். குப்பி அடர்நிறக் கண்ணாடியாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் மாற்றினால் சிலவகை எண்ணெய் அதையே இளக்கிவிடும். இவை தீப்பற்றக்கூடியவை என்பதால் நிலவிளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். எலுமிச்சை வகையையும் டீ ட்ரீயையும் திறந்து ஒன்றிரண்டு வருடத்தில் தீர்த்துவிட வேண்டும். பழையதானால் காற்றுப் பட்டு மாறி, தோலில் ஒவ்வாமை வரச் செய்யும்.

கடைசியாகப் பிள்ளைகள் விஷயம். எனக்கு மிகவும் பயமுள்ள இடம் இது. போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு மருமகள் வந்து, "மாமி, கொச்சுக்கு மூக்கடைப்பு. நெஞ்சில ரெண்டு சொட்டு யூக்காலி தேய்க்கட்டா?" என்று கேட்டாள். கொச்சுக்கு எட்டு மாதம். "வேண்டாம் மக்கா, டாக்டர்கிட்ட காட்டு" என்று அனுப்பினேன். யூக்காலித் தைலத்தில் இருக்கும் சினியோலும், பச்சைக் கற்பூரமும் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பை உண்டாக்கக் கூடியவை. யூக்காலியும் கற்பூரமும் சேர்ந்த தைலங்களால் பெரியவர்களுக்கே வலிப்பு வந்ததைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1983 முதல் எந்தத் தேய்ப்பு மருந்திலும் கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டமே உண்டு. பெப்பர்மின்டில் இருக்கும் மென்தாலைக் கைக்குழந்தையின் மூக்கருகே பூசினால் மூச்சுத் திணறலாம். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு இந்தச் சின்னக் குப்பிகள் எதுவும் தேவையில்லை. வைத்தியர் சொன்ன நால்பாமராதி போதும், அதில் வேறு எதையும் சொட்டு விட்டுக் கலக்கவும் வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் யூக்காலி, கற்பூரம், ரோஸ்மேரி மூன்றையும் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது.

பெரியவர்கள் ஆவி பிடிக்கலாம். வெந்நீரில் யூக்காலி ஒரு துளி, மிஞ்சினால் இரண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம். பிள்ளைகளை அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விடாதீர்கள். வெந்நீர் கவிழ்ந்து வேகிற பிள்ளைகள் அதிகம்.

குடிப்பதற்கு என்று எந்தக் குப்பியையும் தொடாதீர்கள், யார் சொன்னாலும் சரி. எல்லாக் குப்பிகளையும் பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்தில், பூட்டு உள்ள அலமாரியில் வையுங்கள். தவறிப்போய் ஒரு பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பிள்ளையோடு அந்தக் குப்பியையும் எடுத்துக்கொண்டு பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரிக்கோ நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரிக்கோ உடனே போங்கள். பிள்ளை சாதாரணமாக விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்காதீர்கள்.