போபால் நினைவும் வேதியியல் மாணவரும்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

ஆண்டுதோறும் டிசம்பர் 2ஆம் நாள் நம் நாட்டில் தேசிய மாசுக் கட்டுப்பாட்டு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று உறுதிமொழி எடுக்கிறோம், ஓவியப் போட்டி நடத்துகிறோம், மரக்கன்று நடுகிறோம். எல்லாம் நல்லவையே. ஆயினும் அந்த நாள் ஏன் டிசம்பர் 2 என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். 1984ஆம் ஆண்டு அந்நாள் நள்ளிரவில், மத்தியப் பிரதேசத் தலைநகரான போபாலில் நச்சு வாயுவால் மாண்டவர்களின் நினைவாகவே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் நாளின் பெயரில் போபாலும் இல்லை, மாண்டோரும் இல்லை.

மாண்டவரைப் போற்ற வேண்டுமானால் அவர்கள் எதனால் மாண்டார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும் அன்றோ? வேதியியல் மாணவராகிய நமக்கு இது இன்னும் பொருந்தும். அன்று அங்கே நடந்தவை யாவும் நாம் வகுப்பில் படிக்கும் வினைகளே.

யூனியன் கார்பைடு நிறுவனத்தின் போபால் ஆலை 'செவின்' என்னும் பூச்சிக்கொல்லியைத் தயாரித்தது. அதன் வேதிப்பெயர் கார்பரில். (எங்கள் ஊரில் பூச்சிக்கொல்லி என்று யாரும் சொல்வதில்லை, 'மருந்து' என்றுதான் சொல்வார்கள். 'மருந்தடிக்கப் போறேன்' என்று அப்பா கிளம்பும்போது, அது பயிருக்கு மருந்து, மற்ற எல்லாவற்றுக்கும் நஞ்சு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.) மெத்திலமீனையும் பாஸ்ஜீனையும் வினைப்படுத்தினால் மெத்தில் ஐசோசயனேட் கிடைக்கும். அதனுடன் நாப்தாலைச் சேர்த்தால் கார்பரில். இடையில் உண்டாகும் இந்த மெத்தில் ஐசோசயனேட்டுதான் கொலையாளி. அதன் கொதிநிலை ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ். நம் சித்திரை வெயிலிலேயே கொதித்துவிடும். மூலக்கூறு எடை 57. காற்றின் சராசரி எடையோ 29. ஆகவே இந்த ஆவி மேலே எழுந்து கலைந்து போகாமல், தரையை ஒட்டித் தவழும். ஆலையை அடுத்த ஜெயப்பிரகாஷ் நகர்க் குடிசைகளில் தரையில் படுத்துறங்கியவர்களை அது எப்படித் தேடிச் சென்றது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

இந்தப் பொருளுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் கரியமில வாயுவும் மிகுந்த வெப்பமும் வெளிப்படும். வெப்பம் கூடக் கூட வினையின் வேகம் கூடும். வேகம் கூடக் கூட வெப்பம் மேலும் கூடும். அன்றிரவு 610ஆம் எண் தொட்டியில் ஏறத்தாழ 40 டன் இருந்தது. அதற்குள் தண்ணீர் புகுந்தது. குழாய்களைக் கழுவியபோது புகுந்தது என்பர் ஒரு சாரார். ஊழியர் ஒருவர் வேண்டுமென்றே செலுத்தினார் என்றது நிறுவனம். என் எண்ணத்தில் இந்த வழக்கு இரண்டாம் பட்சமானது. தண்ணீர் எப்படிப் புகுந்திருந்தாலும் ஊரைக் காக்க வேண்டிய ஏற்பாடுகள் என்னவாயின என்பதே கேள்வி.

தொட்டியை 0 டிகிரி அளவில் வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் இயந்திரம் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிசோடாக் கரைசலால் கழுவும் கோபுரம் வேலை செய்யும் நிலையில் இல்லை. மிஞ்சுவதை எரித்துவிடும் சுடர்க் கோபுரத்துக்குச் செல்லும் குழாயில் ஒரு துண்டைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். தண்ணீர் பீய்ச்சினார்கள், அது வாயு வெளிப்பட்ட உயரத்தை எட்டவில்லை. அவசரத்துக்கு வெறுமையாக இருக்க வேண்டிய மற்றொரு தொட்டியிலும் அதே நஞ்சு இருந்தது. விற்பனை சரிந்ததால் செலவைக் குறைத்தார்கள். அப்பிரிவில் ஒரு முறைக்குப் பன்னிருவர் இருந்தது அறுவராயிற்று.

அந்த ஆலை தொடங்கிய காலத்தில் இயக்குநர் வேலைக்கு அறிவியல் பட்டதாரிகளையே எடுத்துப் பயிற்சி தந்தார்கள் என்று படித்தபோது என் கை சற்று நின்றது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படித்து முடித்து ஏதேனும் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தால் போதும் என்பது வீட்டாரின் ஆசை. என் ஆசையும் அதுவே. அழுத்தமானி முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நம்மைப் போன்றவர்களே. 'இந்த இயந்திரம் ஏன் நிறுத்தப்பட்டிருக்கிறது ஐயா?' என்று மேலதிகாரியைக் கேட்கும் துணிவைத் தேர்வுத்தாள் எதுவும் சோதிப்பதில்லை.

கேட்டவர்கள் இல்லாமலில்லை. 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் பட்டு ஒரு தொழிலாளி இறந்தபின் தொழிற்சங்கத்தார் குரல் எழுப்பினர். பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982இலேயே ஆபத்து வருகிறது என்று தம் வார இதழில் எழுதினார். செவி சாய்த்தவர் இல்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஒரு சிறு செய்தி. தண்ணீரோடு வினைபுரியும் வாயு ஆதலால், ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தால் ஓரளவு பாதுகாப்புக் கிடைத்திருக்கும். அதை ஊராருக்குச் சொல்லி வைத்தவர் யாருமில்லை. மக்கள் ஓடினார்கள். ஓட ஓட மூச்சு வாங்கும். மூச்சு வாங்க வாங்க நஞ்சு உள்ளே போகும். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழந்துணியும் இல்லாத வீடு உண்டா?

அவ்விரவில் போபால் ரயில் நிலையத் துணைக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர், நடைமேடையில் நின்ற வண்டியை நேரத்துக்கு முன்பே அனுப்பி, பயணிகளைக் காத்தார். அவருக்கும் வாயுவால் உடல்நலம் கெட்டது, 2003இல் காலமானார்.

மாண்டவர் எத்தனை பேர்? அரசு முதலில் சொன்னது 2,259. பின்னர் மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்தது 3,787. பாதிக்கப்பட்டோரின் அமைப்புகள் சொல்லும் தொகை இவற்றைவிடப் பன்மடங்கு. காயமுற்றோர் ஐந்தரை இலட்சத்துக்கும் மேல். 1989இல் 47 கோடி டாலருக்கு வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. பங்கிட்டபோது காயமுற்றோரில் பெரும்பாலோர் முதலில் பெற்றது 25,000 ரூபாய் அளவே. 2010இல் இந்திய அதிகாரிகள் எழுவருக்கு ஈராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அன்றே பிணையும் கிடைத்தது. தலைவர் வாரன் ஆண்டர்சன் இந்திய நீதிமன்றத்தில் விசாரணைக்கு நிற்காமலேயே 2014இல் அமெரிக்காவில் இறந்தார். கூடுதல் இழப்பீடு கோரிய மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. நமக்கு மிஞ்சிய பயன் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் எனலாம்.

ஆலை மதிலுக்கு வெளியே தாயும் குழந்தையுமாக ஒரு சிலை நிற்கிறது. நெதர்லாந்து நாட்டுச் சிற்பி ரூத் வாட்டர்மேன் 1985இல் அமைத்தது. மதிலுக்கு உள்ளே நெடுங்காலம் கிடந்தது வேறொன்று. ஆலையின் நச்சுக் கழிவில் 337 டன் அங்கிருந்து அகற்றப்பட்டது 2025 சனவரியில்தான், அதாவது 40 ஆண்டுகளுக்குப் பிறகு. பீதம்பூருக்குக் கொண்டுசென்று அவ்வாண்டிலேயே எரித்தார்கள். அவ்வூர் மக்கள் அஞ்சி எதிர்த்தார்கள். போபாலில் ஆலை நிலத்து மண்ணிலும், அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளின் நிலத்தடி நீரிலும் ஊறியது லாரியில் ஏற்றக் கூடியதன்று. அது அங்கேயே இருக்கிறது.