மாருதி விடை தராத நாள்



ஓசூர்ச் சிப்காட்டில் கன்னடத் தோழர்களோடு பழகி அம்மொழி கைவரப்பெற்ற நீ, ‘சம்ஸ்காரா’ என்னும் கன்னடப் படத்தைப் பார்த்துவிட்டு, இது தெய்வ நிந்தனையாகாதா என்றும், சந்திரசூடேசுவரர் மலைக்குத் தவறாது செல்லும் உன் தாயார் இதை அறிந்தால் வருந்துவாரே என்றும் எழுதியிருந்தாய். உனக்கு முன்பே சென்னைத் தணிக்கையாளர்களும் இப்படத்தைக் கண்டு தயங்கினார்கள். அவர்கள் முதலில் அனுமதி மறுத்த அப்படமே, 1970-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைக் கன்னடத்துக்கு முதன்முதலாகப் பெற்றுத் தந்தது.

கன்னட எழுத்தாளர் அனந்தமூர்த்தியின் நாவலைப் பட்டாபிராம ரெட்டி இப்படமாக எடுத்தார். ஆசாரங்களை உதறிச் சந்திரி என்ற பெண்ணோடு வாழ்ந்த பிராமணன் நாரணப்பா இறந்து கிடக்க, அவனைத் தகனம் செய்யும் அதிகாரி யார் என்ற வினாவுக்கு, சகல சாஸ்திரங்களையும் கரைகண்ட பிராணேசாசாரியர் ஏடுகளில் விடை காணாமல், மாருதி சந்நிதியில் காத்திருந்து அங்கும் உத்தரவு பெறாமல் திரும்புகிறார். நாத்திக வாதம் எதுவும் அவரை வெல்லவில்லை என்பதைக் கவனி. அழுகும் பிணமும் தகனம் முடியும்வரை உண்ணலாகாதென்று பட்டினி கிடக்கும் அக்ரகாரமும் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த வேளையில், தம் வாழ்நாள் வித்தை முழுவதும் ஊமையாகிவிட்டதைக் கண்டதே அவரைக் கலக்கிற்று. சாஸ்திரம் அறியாத சந்திரியோ, ஈமச்செலவுக்கென்று தன் நகைகளைக் கழற்றி வைத்து, அவற்றைக் கண்டு பிராமணர்களிடையே பேராசை மூண்டதன்றி வேறொன்றும் நடவாமை கண்டு, இரவோடு இரவாக ஒரு முஸ்லிமின் துணைகொண்டு தகனத்தை முடித்துவிடுகிறாள்!

சுவீடனில், பாதிரியாரின் மகனாகப் பிறந்த இங்மார் பெர்க்மன் 1963-இல் எடுத்த ‘விண்டர் லைட்’ படத்திலும், ஆறுதல் நாடி வந்த மீனவனிடம் தம் அவநம்பிக்கையையே கொட்டித் தீர்க்கிறார் ஒரு பாதிரியார். அம்மனிதன் தற்கொலை செய்துகொள்கிறான். இறைவனின் மௌனத்தைவிட, அம்மௌனத்தில் மூழ்கி அருகிருப்பவனை மறந்ததே அங்கு எனக்குப் பெருங்குற்றமாகத் தோன்றுகிறது. இவ்விரு படங்களையும் நிந்தனை என்று கூற என் மனம் ஒப்பவில்லை. பக்தி உள்ளவரே இவற்றைக் கூர்ந்து பார்க்கவேண்டும்.

மறுமுறை பார்க்கையில் ஆசாரியராக நடித்த கிரீஷ் கர்னாடின் முகத்தோடு நின்றுவிடாமல், சந்திரியாக வரும் சிநேகலதா ரெட்டியையும் கவனி. நெருக்கடி நிலையில் சிறைப்பட்டு, உடல் நலிந்து, விடுதலையான சில நாட்களில் 1977-இல் மறைந்த மாதரசி அவர். பிறகு கிரீஷ் காசரவள்ளியின் ‘கடசிராத்த’ (1977) படத்தைத் தேடிப் பார். உயிரோடிருக்கும் விதவைக்கு ஈமக்கடன் செய்து குலத்திலிருந்து நீக்கும் கொடுமையை, அதில் வேதம் பயில வந்த சிறுவனொருவன் காண்கிறான். அவன் கண்ணால் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

இங்ஙனம்,
உன் மாமா