கடைக் கணக்கை ‘மேகத்தில்’ வைக்கலாமா?

தீபாவளி நெருங்குகிறது. சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடை, அதே முதலாளிக்கு ஜூரோங்கில் ஒரு கிளை என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கடையில் எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி, ஊழியர் சம்பளம், பொருள் சேவை வரி ஆகிய எல்லாவற்றையும் ஒரு மென்பொருள் கவனித்துக்கொள்கிறது. அது கடையின் பின்னறையில் உள்ள ஒரு கணினியில் இயங்குகிறது.

“பழைய கணினியைத் தூக்கிப் போடுங்கள், எல்லாவற்றையும் மேகக் கணிமைக்கு மாற்றுங்கள்” என்கிறார் மென்பொருள் விற்பவர். முதலாளி என்ன முடிவெடுக்க வேண்டும்? நீங்கள் வகுப்பில் படிக்கும் கணிதமும் இயற்பியலும் இதற்கு உதவும்.

மேகம் எங்கே இருக்கிறது?

‘மேகம்’ என்பது வானத்தில் இல்லை. நம் தரவு வேறொரு நிறுவனத்தின் கணினியில் இருக்கும். நாம் இணையம் வழியாக அதைப் பயன்படுத்துவோம். அந்தக் கணினிகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும் கட்டடத்தின் பெயர் தரவு நிலையம். சிங்கப்பூரிலேயே இத்தகைய கட்டடங்கள் பல உள்ளன.

மேகத்துக்கு மாறினால் ஜூரோங் கிளையில் விற்ற மூட்டை உடனே சிராங்கூன் சாலைக் கணக்கிலும் குறையும். கணினி பழுதானால் முதலாளி ஆள் தேட வேண்டாம். ஆனால் மாதக் கட்டணம் கட்ட வேண்டும், இணைய இணைப்பும் எப்போதும் வேண்டும்.

செலவுக்கு ஒரு சமன்பாடு

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். சொந்தக் கணினியும் மென்பொருளும் வாங்க 6,000 வெள்ளி, பராமரிப்புக்கு ஆண்டுக்கு 1,200 வெள்ளி. மேகச் சேவைக்கு மாதம் 250 வெள்ளி, அதாவது ஆண்டுக்கு 3,000 வெள்ளி. இரண்டு செலவும் எத்தனை ஆண்டில் சமமாகும்?

6,000 + 1,200 × ஆண்டு = 3,000 × ஆண்டு

விடை ஏறத்தாழ 3.3 ஆண்டு. அதுவரை மேகம் மலிவு, அதன்பின் சொந்தக் கணினி மலிவு. ஐந்து ஆண்டுகளில் சொந்தக் கணினிக்கு 12,000 வெள்ளியும் மேகத்துக்கு 15,000 வெள்ளியும் ஆகும். 3,000 வெள்ளி கூடுதலை 60 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 50 வெள்ளி. பராமரிப்புத் தொல்லை இல்லாமல் இரு கடைகளையும் இணைக்க அந்த 50 வெள்ளி தகுமா என்று முதலாளி யோசிக்கலாம். அரசு மானியம் கிடைத்தால், அல்லது கட்டணம் உயர்ந்தால், சமன்பாட்டின் எண்களும் மாறும்.

99.9 விழுக்காடு என்றால்?

“எங்கள் சேவை 99.9 விழுக்காட்டு நேரம் இயங்கும்” என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 0.1 விழுக்காடு என்பது 8.76 மணி நேரம். அது அதிகாலை மூன்று மணிக்கு நின்றால் யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு முந்திய நாள் மாலையில் நின்றால்? பெரும்பாலான ஒப்பந்தங்களில் கட்டணத்தில் ஒரு பகுதிதான் கழித்துத் தரப்படும். இழந்த வியாபாரத்துக்கு ஈடு கிடைக்காது.

ஒப்பிட்டுப் பாருங்கள்: சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, வங்கிகளின் முக்கியக் கணினிக் கட்டமைப்புகள் எந்த 12 மாதங்களிலும் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் முடங்கக்கூடாது. இது எத்தனை விழுக்காடு என்று நீங்களே கணக்கிடுங்கள்.

வால்வுகள் மூடியபோது

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை பிற்பகல். டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவைகள் சிங்கப்பூரில் முடங்கின. ஏறத்தாழ 2.5 மில்லியன் கட்டணப் பரிவர்த்தனைகளும் ஏடிஎம் பரிவர்த்தனைகளும் நிறைவேறவில்லை. மறுநாள்தான் இரு வங்கிகளும் முழுமையாக மீண்டன.

இரு வங்கிகளும் ஈக்வினிக்ஸ் நிறுவனத்தின் ஒரு தரவு நிலையத்தில் கணினிகளை வைத்திருந்தன. அங்கு மேம்பாட்டுப் பணி நடந்தபோது, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடும்படி ஓர் ஒப்பந்ததாரர் தவறுதலாகச் சமிக்ஞை அனுப்பிவிட்டார். குளிரூட்டல் பாதிக்கப்பட்டு, அறைகளின் வெப்பநிலை உயர்ந்தது.

குளிர்நீர் ஏன் அவ்வளவு முக்கியம்? கணினி எடுத்துக்கொள்ளும் மின்னாற்றல் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. 1 மெகாவாட் மின்சாரம் பயன்படுத்தும் கணினிக் கூடத்தில், 2 கிலோவாட் மின்கெண்டிகள் 500 ஓயாமல் கொதிப்பதற்குச் சமமான வெப்பம் உண்டாகும். நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன், ஒரு கிலோகிராமுக்கு ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 4,200 ஜூல். நீர் 10 டிகிரி செல்சியஸ் சூடாகி வெளியேறினால், இந்த வெப்பத்தை அகற்ற நொடிக்கு ஏறத்தாழ 24 லிட்டர் நீர் ஓட வேண்டும். ஓட்டம் தடைபட்டால் வெப்பம் உள்ளேயே தேங்கும்.

அன்று நடந்தது மேகச் சேவையின் கோளாறு அல்ல. ஆனால் மேகமும் இப்படிப்பட்ட கட்டடத்தில்தான் இருக்கிறது.

மாற்று ஏற்பாடு மட்டும் போதுமா?

இரு வங்கிகளுக்கும் மாற்றுத் தரவு நிலையங்கள் இருந்தன. ஆயினும் டிபிஎஸ்ஸில் கட்டமைப்பு அமைவுப் பிழையாலும், சிட்டிபேங்க்கில் இணைப்புச் சிக்கலாலும் அவற்றுக்கு முழுமையாக மாற இயலவில்லை.

நிகழ்தகவுப் பாடத்தை நினைவுபடுத்துங்கள். ஓர் ஏற்பாடு ஒரு நாளில் பழுதாக 100ல் 1 வாய்ப்பு என்றால், இரண்டு ஏற்பாடுகளும் ஒரே நாளில் பழுதாக 10,000ல் 1 வாய்ப்பு. ஆனால் அவை ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் இந்தப் பெருக்கல் செல்லும். கடைக் கணினிக்குப் பக்கத்திலேயே காப்பு நகலை வைத்தால், ஒரே தீ விபத்தில் இரண்டும் போய்விடும்.

மேகத்துக்கும் இது பொருந்தும். 2024 மே மாதம், ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகல் கிளவுடில் வைத்திருந்த கணினிக் கட்டமைப்பு தவறுதலாக அழிக்கப்பட்டது. 600,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களால் ஏறத்தாழ ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடமும் காப்பு நகல் வைத்திருந்தது, தரவை மீட்கக் கைகொடுத்தது.

முதலாளி கேட்க வேண்டிய கேள்விகள்

1. இணையம் அறுந்தாலும் கல்லாவில் விற்பனை நடக்குமா?

2. காப்பு நகல் எங்கே இருக்கிறது? அதிலிருந்து மீட்டெடுத்துச் சோதித்துப் பார்த்தது எப்போது?

3. சேவையை விட்டு விலகினால், நம் தரவு மற்ற மென்பொருள்களும் படிக்கக்கூடிய வடிவில் திரும்பக் கிடைக்குமா? நிறுவனங்கள் வரிக் கணக்குப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

4. வாடிக்கையாளர் விவரங்களை யார் யார் பார்க்கலாம்? மேகத்தில் வைத்தாலும், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி பொறுப்பு கடையையும் சேரும்.

5. ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தச் செலவு என்ன?

பின்னறைக் கணினிக்கும் ஆபத்துகள் உண்டு: வன்தட்டு பழுது, திருட்டு, தீ, பிணைநிரல். அதனால் இதே கேள்விகளை அதனிடமும் கேட்க வேண்டும். எங்கள் கடைக்கு நல்ல விடை கிடைத்தால், மாதம் 50 வெள்ளி கூடுதலாக ஆனாலும் மேகத்துக்கு மாறலாம். ஒரே ஒரு கடை, குறைந்த சரக்கு என்றால், பின்னறைக் கணினியும் வெளியே பத்திரப்படுத்திய ஒரு காப்பு நகலும் போதுமானதாக இருக்கலாம். முதல் இரண்டு கேள்விகளுக்கு விற்பவர் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால், தீபாவளி முடியும்வரை எதையும் மாற்றாமல் இருப்பதே நல்லது.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் யாராவது கடையோ தொழிலோ நடத்தினால், இந்த ஐந்து கேள்விகளையும் அவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் கைப்பேசியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இன்று தொலைந்தால் எந்தப் படங்கள் மீளும், எவை மீளா? அவற்றின் காப்பு நகல் எங்கே இருக்கிறது? விடையை எழுதி வகுப்பில் ஒப்பிட்டுப் பாருங்கள்.