புதிதாய் வந்த ரெய்டரை எடைபோடும் முன்

தை பிறந்தால் துறையூர்ப் பக்கம் மின்னொளிக் கபடிக் காலம். பள்ளி மைதானத்திலோ அறுவடை முடிந்த வயலிலோ மண் கொட்டிச் சமன்செய்து, தண்ணீர் தெளித்து, மூலைக்கு மூலை விளக்குக் கம்பம் நட்டுவிடுவார்கள். உப்பிலியபுரம், முசிறி, மண்ணச்சநல்லூர், பெரம்பலூர் என்று சுற்றுவட்டாரத்து அணிகள் வேன் பிடித்து வந்து இறங்கும். இறங்கிய நிமிடமே கூட்டத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: "வெளியூர் ஆளு யாரை எறக்கியிருக்காங்க?"

அந்த வெளியூர் ஆள் பெரும்பாலும் பத்தொன்பது இருபது வயதுக் கல்லூரிப் பையன். அணிக்குப் புதியவன், பாடிப் போகிறவன். அவன் இரண்டாவது ரெய்டு போய்த் திரும்புவதற்குள் அவனைப் பற்றிய தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. "காசு வேஸ்டு" அல்லது "கப்பு நமக்குத்தான்." புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் புதிய ரெய்டரை எடுக்கும்போதும் நம் ஊர் டீக்கடைகளில் நடப்பது இதேதான். இந்தத் தீர்ப்புகளுக்கு அடியில் இருக்கும் சில நம்பிக்கைகளை ஆட்ட வரலாற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பையனின் பெயர் ஒரே இரவில் கெடுவதற்கு இவை காரணமாகின்றன என்பதால் இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

"பெரிய விலைக்கு வந்தவர் கோப்பையோடு வருவார்"

தலைவாஸ் ரசிகர்களை இந்த நம்பிக்கை ஏமாற்றிய அளவுக்கு வேறெதுவும் ஏமாற்றவில்லை. 2017இல் ஐந்தாவது சீசனில் லீகுக்குள் வந்த அணி இது. 2019 ஏலத்தில் ராகுல் சவுத்ரியை 94 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். ஏற்கெனவே அஜய் தாக்கூர் இருந்தார், மஞ்சித் சில்லர் இருந்தார். பெயர்ப் பட்டியலைப் படித்தவர்கள் எல்லாம் இறுதிப் போட்டிக்கு டிக்கெட் வாங்கலாமா என்று பேசினார்கள். அந்த சீசனில் பன்னிரண்டு அணிகளில் தலைவாஸ் பன்னிரண்டாவது.

2022இல் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தபோது அது லீகின் வரலாற்றிலேயே மிகப் பெரிய தொகை. அடுத்த ஆண்டு தெலுங்கு டைட்டன்ஸ் அதே பவனை 2.605 கோடிக்கு வாங்கியது. அவர் அங்கே சும்மா இருக்கவில்லை, ரெய்டில் இருநூறு புள்ளிகளைத் தாண்டினார். ஆனால் டைட்டன்ஸ் 22 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று கடைசி இடத்தில் முடித்தது. 2024இல் சச்சின் தன்வாரைத் தலைவாஸ் 2.15 கோடிக்கு எடுத்தது. அந்த ஏலத்தின் உச்ச விலை அதுதான். அணி ஒன்பதாம் இடம்.

இதைக் கெட்ட நேரம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது, கணக்கைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். 2022இல் ஓர் அணி தன் மொத்த ஆட்டக்காரர்களுக்கும் செலவிடக்கூடிய வரம்பு 4.4 கோடி. அதில் 2.26 கோடி ஒருவருக்கே போனால், பாதிக்கும் குறைவான பணத்தில் மற்ற எல்லாரையும் பிடிக்க வேண்டும். அடுத்த ஆண்டு வரம்பு 5 கோடியானது; டைட்டன்ஸ் அதிலும் பாதிக்கு மேல் பவனுக்கே கொடுத்தது. மிச்சத்தில் அனுபவமுள்ள இரண்டு கார்னர், இரண்டு கவர் எங்கிருந்து வருவார்கள்? ரெய்டர் ஒரு நேரத்தில் 30 விநாடிதான் எதிரணிப் பக்கத்தில் நிற்கிறார். அவர் திரும்பியதும் எதிரணி ஆள் இந்தப் பக்கம் வருகிறார், அவரைப் பிடிக்க ஆள் வேண்டும். ஆட்டத்தில் பாதி, பிடிப்பதுதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஈரானின் முகமதுரேசா ஷத்லூயியை 2023இல் புனேரி பல்டன் 2.35 கோடிக்கு எடுத்துக் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டு ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரை 2.07 கோடிக்கு எடுத்தது, அதுவும் கோப்பையை வென்றது. ஆக, பெரிய விலை எப்போதும் வீண் என்று சொல்லவும் வழியில்லை. ஆனால் ஷத்லூயி முதலில் பிடிக்கிறவர், பிறகுதான் பாடுகிறவர். அவர் போய்ச் சேர்ந்த இரண்டு அணிகளும் இளம் ஆட்டக்காரர்களைப் பல சீசன்களாகச் சேர்த்து வைத்திருந்தவை. இருந்த வீட்டுக்கு மேல் மாடி எழுப்பினார்கள். அஸ்திவாரம் இல்லாத இடத்தில் மாடியை மட்டும் வாங்கியதுதான் நாம் மறுபடி மறுபடி பார்த்தது.

"நாலு ஆட்டத்தில் தெரிந்துவிடும், பையன் தேறுவானா மாட்டானா என்று"

பவன் செராவத்தையே எடுத்துக்கொள்வோம். 2017இல் அவர் குஜராத் அணியில் இருந்தார். வாய்ப்பு அபூர்வம், பெரும்பாலும் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். அடுத்த சீசனில் குஜராத் அவரை விட்டுவிட, பெங்களூரு புல்ஸ் 52.8 லட்சத்துக்கு எடுத்துத் தொடர்ந்து பாட அனுப்பியது. 2019 ஜனவரி 5ஆம் தேதி இறுதிப் போட்டி. எதிரே நிற்பது அதே குஜராத். பவன் தனியாளாக 22 புள்ளிகள் எடுத்தார், புல்ஸ் 38-33 என்று கோப்பையைத் தூக்கியது. ஒரு வருடத்துக்கு முன் அந்த மனிதரைப் பற்றி யார் தீர்ப்பு எழுதியிருந்தாலும் அது என்னவாக இருந்திருக்கும்?

பர்தீப் நர்வால் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. 2015இல் பெங்களூருவில் அவருக்குக் கிடைத்தவை சொற்ப ஆட்டங்கள், சொற்பப் புள்ளிகள். பட்னா பைரேட்ஸுக்கு மாறினார். அங்கே தொடர்ந்து மூன்று கோப்பைகள். 2017 சீசனில் மட்டும் ரெய்டில் 369 புள்ளிகள். இன்று எந்த ஊர்ச் சிறுவனும் குனிந்து பிடியிலிருந்து வழுக்கி வெளியேறினால் "டுப்கி" என்று கத்துகிறார்களே, அந்தச் சொல்லைத் துறையூர் வரை கொண்டுவந்தவர் அவர்தான்.

புதிதாக வந்தவர் தொடக்கத்தில் தடுமாறக் காரணம் இருக்கிறது. ரெய்டர் தனியாகத்தான் கோட்டைத் தாண்டுகிறார்; ஆனால் எந்தப் பக்கம் போவது, எப்போது போனஸுக்குக் கால் வைப்பது, எப்போது சும்மா திரும்பி வருவது என்பதெல்லாம் அணியோடு சேர்ந்து முடிவாகிறவை. தொடர்ந்து இரண்டு ரெய்டுகள் வெறுமனே திரும்பினால் மூன்றாவது டூ ஆர் டை: புள்ளி எடுக்காவிட்டால் அவுட். அந்த மூன்றாவது ரெய்டுக்கு யார் போவது என்பது ஒவ்வோர் அணிக்கும் ஒரு பழக்கம். புதியவனுக்கு அந்தப் பழக்கம் படிய வாரங்கள் ஆகும். ஊர்ப் போட்டியில் நேற்று மாலை வந்து சேர்ந்த பையனுக்கு, பக்கத்தில் நிற்கும் கவர் ஆளின் பெயர்கூடத் தெரியாது. அவனைத்தான் முதல் பாதியிலேயே திட்டுகிறோம்.

இதற்கு நம் கண்முன் நடந்த சாட்சி நரேந்தர். 2022 அக்டோபர் 8 அன்று குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே, எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போன பவனுக்கு முழங்கால் போய்விட்டது. சீசன் முழுக்க அவர் இல்லை. 2.26 கோடி ஓரமாகக் கிடக்க, பாடிப் போகும் பாரம் முழுவதும் அந்த சீசனில்தான் லீகுக்கு வந்திருந்த ஓர் இளைஞர் தோளில் விழுந்தது. தலைவாஸ் தொடக்கத்தில் தள்ளாடியது. நடுவில் பயிற்சியாளரும் மாறினார், அஷன் குமார் வந்தார். அதன் பிறகு நடந்ததை ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். நரேந்தர் அந்த சீசனில் எடுத்தவை 243 ரெய்டுப் புள்ளிகள். அணி முதல் முறையாகப் பிளேஆஃபுக்குப் போய், யுபி யோத்தாஸோடு 36-36 என்று சமன்செய்து, டைபிரேக்கரில் 6-4 என்று வென்றது. அரையிறுதியில் புனேரியிடம் 37-39. இரண்டே புள்ளிகளில் இறுதிப் போட்டி கைநழுவியது. ஏல நாளன்று நம் வட்டாரத்தில் நரேந்தர் என்ற பெயரை ஒருவர்கூடச் சொல்லிக் கேட்ட நினைவு எனக்கு இல்லை.

"புள்ளிப் பட்டியலைப் பாரு, அது போதும்" என்பது அடுத்த நம்பிக்கை. படித்தவர்கள், போனில் விவரங்களை வைத்திருப்பவர்கள் அதிகம் சொல்வது. அவர்களுக்கு அஜய் தாக்கூரை நினைவூட்டுகிறேன். தலைவாஸுக்கு வந்த முதல் இரண்டு சீசன்களிலும் ரெய்டில் இருநூறுக்கு மேல் எடுத்தார். இரண்டு முறையும் அணி தன் பிரிவில் கடைசி.

புள்ளி எண்ணிக்கை காட்டாத விஷயங்கள் பல. அணி 10 புள்ளி பின்தங்கிய பிறகு கிடைக்கும் போனஸும், கடைசி நிமிடத்தில் மூன்று பேரைத் தொட்டு வரும் சூப்பர் ரெய்டும் பட்டியலில் எண்ணாகத்தான் இருக்கும். எதிரே ஆறு அல்லது ஏழு பேர் நின்றால்தான் போனஸ் உண்டு. ஆகவே எதிரணி முழுதாக நிற்கும்போது கால்நீட்டிப் புள்ளி சேர்க்கிறவர் ஒரு வகை; இரண்டு மூன்று பேர் மட்டும் மிஞ்சி, பிடித்தால் அவர்களுக்குச் சூப்பர் டேக்கிள் இரண்டு புள்ளி என்கிற அபாயத்தில் உள்ளே போய் ஆல்அவுட்டை முடித்துத் தருகிறவர் வேறு வகை. பின்னவருடைய வேலைக்குத்தான் நெஞ்சுரம் அதிகம் வேண்டும். ஆல்அவுட்டுக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி கிடைப்பது அணிக்கு, அவர் பெயரில் அது ஏறாது.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன்: முதன்மை ரெய்டர் அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருக்கும் நேரம். அவரை உள்ளே கொண்டுவர மற்றவர்கள் ஒரு புள்ளியாவது எடுக்க வேண்டும். பிடிக்கிறவர்கள் நல்லவர்களாக இருந்தால் ஒரு நிமிடத்தில் திரும்பி வருவார். இல்லையென்றால் ஐந்து நிமிடம் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒரே ஆள், ஒரே திறமை. ஓர் அணியில் இருபது முறை பாடிப் போகிறார், இன்னொரு அணியில் பத்து முறைதான். 2021 ஏலத்தில் பட்னாவைப் பிரிந்து பர்தீப் 1.65 கோடிக்கு யுபி யோத்தாவுக்குப் போனார். பட்னா முடிந்தது என்றார்கள். அந்த சீசனில் பட்னா அரையிறுதியில் யுபியையே வென்று இறுதிக்குப் போய், டெல்லியிடம் 36-37 என்று ஒரே புள்ளியில் தோற்றது. பட்னாவிடம் இருந்தவர்கள் நல்ல கார்னர்கள், நல்ல கவர்கள்.

"வயசாயிடுச்சு", "சின்னப் பையன்" என்கிற வயதுப் பேச்சை நீட்டத் தேவையில்லை. தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டி, கல்லணையைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். அங்கிருந்து போன தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டி 2016இல் பட்னாவுக்குக் கேப்டனாக நின்று கோப்பை வாங்கினார். நவீன் குமார் பதினெட்டு வயதில் டெல்லிக்கு ஆடத் தொடங்கினார்.

"மண்ணில் ஆடினவன் மேட்டில் நிற்க மாட்டான்"

இது நம் பையன்களுக்கு எதிராகவே சொல்லப்படுவது என்பதால் எனக்குக் கோபம் வரும். மேட் விரிப்பில் ஷூ பிடிக்கும், மண்ணில் வெறுங்கால் வழுக்கும். திரும்பும் வேகம் மாறும். உண்மைதான். ஆனால் இது பழக்கத்தால் தீர்வது. சேரலாதன் தலைமுறையே மண்ணில் தொடங்கியதுதான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியாவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் தங்கம் வென்றன. அவற்றில் வடுவூர் அபினேஷும் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்தார்கள். குறைவது மேட் மட்டுமே, அதைப் பெற்ற இடத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள். துறையூர், முசிறி வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகள் வாரம் இரண்டு நாள் ஆடக்கூடிய ஒரு பொது மேட் தளம் வேண்டும் என்று கேட்க, ஆயிரம் பேர் கூடும் போட்டிகளை நடத்தும் நமக்கு முழு உரிமை இருக்கிறது.

கடைசியாக, காயம். "நொண்டுற மாதிரி நடிக்கிறான், அடி வாங்கப் பயம்" என்று கூட்டத்திலிருந்து குரல் வரும். முழங்கால் தசைநார் கிழிந்தவன் சில நேரம் எழுந்து நான்கடி நடக்கவும் செய்வான். வெளியே ரத்தம் இருக்காது, வீக்கம் அடுத்த சில மணி நேரத்தில்தான் ஏறும். அந்த நிலையில் கூட்டத்துக்குப் பயந்து மறுபடி பாடப் போனால் கிழிசல் பெரிதாகிறது. பவனுக்கு அறுவைச் சிகிச்சையும் மாதக்கணக்கில் ஓய்வும் கிடைத்தன, அருகிலேயே மருத்துவர்களும் இருந்தார்கள். அதனால்தான் 2023 அக்டோபர் 7 அன்று, அடிபட்டு ஓராண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்னால், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஈரானை 33-29 என்று வென்ற இந்திய அணிக்கு அவரால் கேப்டனாக நிற்க முடிந்தது.

வேன் பிடித்து வந்து ஒரு ராத்திரிக்கு ஆடிவிட்டுப் போகும் கல்லூரிப் பையனுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவனை இறக்கிய அணியும் போட்டி நடத்தும் விழாக் குழுவும்தான் அவனுக்குப் பொறுப்பு. மைதானத்தில் ஐஸ் பெட்டி, தூக்குப் படுக்கை, ஒரு செவிலியர், 108 வந்து திரும்ப வழி, அன்றைய இரவுக்கு ஒரு காப்பீடு. முதல் பரிசுத் தொகையில் கொஞ்சம் குறைத்தால் இத்தனையும் வந்துவிடும். வருகிற தைக்கு நோட்டீஸ் அடிக்கும் குழுக்கள், பரிசு கொடுப்பவர்களின் பெயர்களுக்குக் கீழே இதையும் அச்சிடட்டும்.